வாரம் ஒரு மணி நேரம், ஒரு நண்பர்

மனநல சிகிச்சை பெறுபவர்களுக்கு மருந்து தர மருத்துவர் இருக்கிறார், ஆலோசனை சொல்ல நிபுணர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சேர்ந்து நடக்க ஆள் இருக்கிறாரா? அந்த இடத்தை ஊர்க்காரர்களைக் கொண்டே நிரப்ப முயன்ற அரை நூற்றாண்டு அனுபவத்தின் கதை இது.

1973. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒன்டாரியோ ஏரியை ஒட்டிய ரோச்செஸ்டர் நகரம். கோடாக் கேமராக்களும் ஃபிலிம் சுருள்களும் உலகமெங்கும் போனது இந்த ஊரிலிருந்துதான். அங்கிருந்த அரசு மனநல மருத்துவமனையின் வார்டுகளில், பார்க்க வர ஆளே இல்லாமல் காலம் தள்ளியவர்கள் உண்டு. மருத்துவர் வருவார், நர்ஸ் வருவார், வேளாவேளைக்குச் சாப்பாடு வரும். வேலை நிமித்தம் இல்லாமல், சும்மா பார்த்துவிட்டுப் போக வருபவர் என்று யாரும் கிடையாது.

அப்படிப்பட்டவர்களுக்கு ஊருக்குள்ளிருந்து ஆளுக்கொரு தன்னார்வலரைத் தேடிச் சேர்த்துவைக்கும் திட்டம் அந்த ஆண்டு தொடங்கியது. 'நோயாளி ஒருவரைத் தத்தெடுங்கள்' என்பது அதன் முதல் பெயர். சில ஆண்டுகளில் அது 'காம்பியர்' என்று மாறியது. மருத்துவமனைச் சுவருக்குள் பிறந்த திட்டம், பிறகு வெளியே வந்து, வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் வாழ்ந்துகொண்டு சிகிச்சை பெறுபவர்களைத் தேடிப் போனது. அதை நீண்ட காலம் வழிநடத்தியவர் பெர்னிஸ் ஸ்கிர்பால். ரோச்செஸ்டரிலிருந்து அது அமெரிக்காவின் மற்ற நகரங்களுக்கும், 1990களில் புனித வின்சென்ட் தெ பால் சபை மூலமாக ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கும் போய்ச் சேர்ந்தது.

திட்டத்தின் விதியை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: மாதத்துக்கு 4 மணி நேரம், குறைந்தது ஓராண்டு. அந்த நேரத்தில் இருவரும் காபி குடிக்கலாம், சினிமாவுக்குப் போகலாம், கடைத்தெருவில் சுற்றலாம், ஒன்றும் செய்யாமல் பேசிக்கொண்டும் இருக்கலாம்.

கதவு திறந்தது, ஆள் இல்லை

இப்படி ஒரு திட்டம் அந்தக் காலத்தில், அந்த நாட்டில் தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. 1955-இல் அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகளில் சுமார் 5,58,000 பேர் இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் குளோர்புரோமசின் என்ற மருந்து அங்கே விற்பனைக்கு வந்திருந்தது. மாயக் குரல்களும் தீராத சந்தேகங்களும் ஓரளவு அடங்கின. 'இவர்களைப் பூட்டி வைக்கத்தான் வேண்டுமா?' என்ற கேள்வி எழுந்தது. 1963 அக்டோபர் 31 அன்று ஜனாதிபதி கென்னடி சமூக மனநல மையங்களுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். அடுத்த மாதமே அவர் கொல்லப்பட்டார். 1975-இல் மருத்துவமனைகளில் இருந்தவர்களின் எண்ணிக்கை 2 லட்சத்துக்கும் கீழே இறங்கியது.

பெரிய மருத்துவமனைகள் வேகமாகக் காலியாயின. அவற்றுக்குப் பதிலாக வரும் என்று சொல்லப்பட்ட மையங்கள் அந்த வேகத்தில் வரவில்லை. வெளியே வந்தவர்களில் பலருக்குக் கிடைத்தது ஓர் அறை, ஒரு கட்டில், மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்க்க ஒரு தேதி. இருபது வயதில் உள்ளே போய் நாற்பதில் வெளியே வந்தவருக்குப் பழைய நண்பர்கள் யார் மிச்சம் இருப்பார்கள்?

நோய்க்கும் இதில் பங்கு உண்டு. மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். மற்றவர்கள் கல்லூரியிலும் முதல் வேலையிலும் நட்புகளைச் சேர்த்துக்கொள்ளும் வயது அது. அந்தச் சமயத்தில் ஒருவர் அறைக்குள் ஒடுங்கிவிட்டால், குணமாகித் திரும்பும்போது கூட்டாளிகள் எல்லோரும் கல்யாணம், குழந்தை, வேலை என்று நகர்ந்து போயிருப்பார்கள். போனை எடுத்து யாரிடம் என்ன பேசுவது என்று தெரியாது. பேசாமல் இருந்து இருந்து, பேசும் பழக்கமே விட்டுப்போகும்.

வெளியாட்களை வார்டுக்குள் அழைத்து வரும் யோசனை ரோச்செஸ்டருக்கு முன்பே இருந்தது. 1954-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்து அரசு மனநல மருத்துவமனை ஒன்றுக்குத் தன்னார்வலர்களாகப் போகத் தொடங்கினார்கள். நீண்டகால நோயாளிகளோடு உட்கார்ந்து சீட்டாடினார்கள், பேசினார்கள், வெளியே அழைத்துப் போனார்கள். ஆனால் மாணவர்களுக்குத் தேர்வு வரும், விடுமுறை வரும், பட்டம் வாங்கியதும் ஊரைவிட்டே போவார்கள். ரோச்செஸ்டர்காரர்கள் குறைந்தது ஓராண்டு என்று விதி வைத்ததில் இந்த வகையில் பெரிய அர்த்தம் இருந்தது.

பொருத்தம் பார்க்கும் வேலை

இந்த மாதிரித் திட்டங்களில் நட்பு தானாக மலரும் என்று யாரும் காத்திருப்பதில்லை. சிகிச்சை தரும் மருத்துவரோ சமூகப் பணியாளரோ முதலில் பரிந்துரைக்க வேண்டும். சம்பந்தப்பட்டவரும் 'எனக்கு ஒரு நண்பர் வேண்டும்' என்று சம்மதிக்க வேண்டும். மறுபக்கம், தன்னார்வலராக வர விரும்புபவரை நேரில் அழைத்துப் பேசுகிறார்கள். அவரைத் தெரிந்தவர்களிடம் விசாரிக்கிறார்கள், குற்றப் பின்னணி உண்டா என்று பார்க்கிறார்கள், பயிற்சி தருகிறார்கள். அதன் பிறகுதான் இருவரின் வயது, பாலினம், வசிக்கும் பகுதி, பிடித்த விஷயங்கள் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார் ஒருங்கிணைப்பாளர். மீன்பிடிக்கப் பிடித்தவருக்கு மீன்பிடிப்பவர், தையல் தெரிந்தவருக்குத் தையல் தெரிந்தவர்.

தன்னார்வலர் என்ன செய்யக் கூடாது என்ற பட்டியலும் உண்டு. மருந்தைக் கூட்டு, குறை, நிறுத்து என்று யோசனை சொல்லக் கூடாது. கடன் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. ஆலோசகர் போல எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்கக் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி நண்பர் பேசினால் மட்டும் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், உடனே ஒருங்கிணைப்பாளருக்கோ மருத்துவருக்கோ சொல்லியாக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் விதிவிலக்கே கிடையாது. மற்றபடி, நோயின் பெயர் என்ன, எப்போது வந்தது என்பதையெல்லாம் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் அவரவர் விருப்பம்.

சின்னச் சின்ன விஷயங்களில்தான் இந்த நட்பு நிற்கிறது, அல்லது விழுகிறது. லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடுபவர்கள் சிலருக்குக் கை லேசாக நடுங்கும். நிரம்பத் ததும்பும் காபிக் கோப்பையைத் தூக்கினால் தட்டில் சிந்தும். அந்தக் கூச்சத்திலேயே கடைக்குப் போவதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. எதிரில் இருப்பவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அடுத்த முறை 'முக்கால் கோப்பை போதும்' என்று கடைக்காரரிடம் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது.

மாயக் குரல், தீராத சந்தேகம் போன்றவை வரும் சைக்கோசிஸ் நிலைக்குத் தரும் மருந்துகள் சிலவற்றால் தூக்கம் அதிகம் வரும். காலை 9 மணிக்குச் சந்திக்கலாம் என்று வைத்தால் அவரால் எழுந்து வர முடியாது. 'சொன்ன நேரத்துக்கு வரவில்லையே, நம்மீது அக்கறை இல்லையோ' என்று தன்னார்வலர் நினைத்துக்கொண்டால், தொடங்குமுன்பே கசப்பு வந்துவிடும். சாயங்காலம் 4 மணி என்று மாற்றினால் இந்தத் தகராறே இல்லை. வேறு சில மருந்துகளால் ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு வரும்; கால் ஆடிக்கொண்டே இருக்கும். அவரைப் பிடித்து மேஜை முன்னால் உட்காரவைத்துப் பேசச் சொல்வது கொடுமை. பூங்காவை நாலு சுற்று சுற்றிக்கொண்டே பேசினால் பேச்சும் வரும், தவிப்பும் அடங்கும். வாய் உலர்ந்து போகும் என்பதால் கையில் ஒரு தண்ணீர் பாட்டில்.

எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் ஒரு நல்ல தோழர் இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடக்கூடிய விஷயங்கள் இவை. மருத்துவமனையின் பத்து நிமிடச் சந்திப்பில் பெரும்பாலும் இவை பேச்சுக்கே வருவதில்லை.

சோதித்துப் பார்த்தபோது

நல்ல எண்ணம் ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையில் பலன் உண்டா? மனநல ஆய்வுலகம் இந்தக் கேள்வியை அலட்சியமாக விடவில்லை.

1970களில் தெற்கு லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்த ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் இருவரும் 1978-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். வாழ்க்கையில் பெரிய அடி விழும்போது சில பெண்களை மனச்சோர்வு எளிதில் பிடித்துக்கொள்கிறது, சிலர் தாக்குப்பிடிக்கிறார்கள். இந்த வித்தியாசம் எதனால் என்று தேடினார்கள். பதினொரு வயதுக்குள் தாயை இழந்தது, வீட்டில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சிறு பிள்ளைகள், வெளிவேலை இல்லாதது ஆகியவற்றோடு இன்னொன்றும் அவர்கள் பட்டியலில் இருந்தது: மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாதது.

அப்படியானால், அந்த ஒருவரை ஏற்பாடு செய்து கொடுத்தால் என்ன ஆகும்? டிரில் ஹாரிஸும் சக ஆய்வாளர்களும் லண்டனில் அதைச் செய்து பார்த்தார்கள். நாள்பட்ட மனச்சோர்வால் அவதிப்பட்ட 86 பெண்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வாரம் ஒருமுறை சந்தித்துப் பேசும் தன்னார்வலப் பெண் ஒருவர். மற்றவர்கள் காத்திருப்போர் பட்டியலில். ஓராண்டுக்குப் பிறகு பார்த்தபோது, தோழி கிடைத்தவர்களில் 65 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். காத்திருந்தவர்களில் மீண்டவர்கள் 39 சதவீதம். 1999-இல் இந்த முடிவு வெளியானது.

அடுத்த ஆண்டு இங்கிலாந்திலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. மருந்து சாப்பிட்டும் அறிகுறிகள் அடங்காத மனச்சிதைவு நோயாளிகள் 90 பேர். அறிவுசார் நடத்தைச் சிகிச்சை அவர்களுக்கு உதவுமா என்பதுதான் கேள்வி. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிரிவு வேண்டுமே என்பதற்காக, பாதிப் பேரோடு சிகிச்சையாளர்கள் நட்பாக மட்டும் பேசினார்கள்: விளையாட்டு, பொழுதுபோக்கு, நாட்டு நடப்பு. நோயைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவினருமே கணிசமாக முன்னேறியிருந்தார்கள். சந்திப்புகள் நின்று இன்னும் ஒன்பது மாதம் ஆனபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. சிகிச்சை பெற்றவர்களின் முன்னேற்றம் தொடர்ந்தது. நட்புப் பேச்சு மட்டும் கிடைத்தவர்கள் பெற்றதில் ஒரு பகுதியை இழந்தார்கள். பேச்சு நடந்த வரைக்கும் அதற்குப் பலன் இருந்தது என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. தோழமையைக் குறிப்பிட்ட நாளில் நிறுத்திவிட்டு, அதன் விளைவு மட்டும் மிச்சமிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா?

எல்லா முடிவுகளும் இப்படிச் சாதகமாக வரவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் யேல் பல்கலைக்கழகத்தின் லாரி டேவிட்சன் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் 260 பேர் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு, தாமே மனநோயைக் கடந்து வந்த தன்னார்வலர். இன்னொரு பிரிவினருக்கு, அந்த அனுபவம் இல்லாத தன்னார்வலர். மூன்றாவது பிரிவினருக்கு யாரும் இல்லை. ஆனால் மூன்று பிரிவினருக்கும் வெளியே போய்வரச் செலவுக்கென்று மாதம் 28 டாலர் தரப்பட்டது. ஒன்பது மாத முடிவில் தன்னார்வலர் கிடைத்தவர்கள் மட்டும் தெளிவாக முந்தியிருப்பார்கள் என்று எதிர்பார்த்தால், அப்படி நடக்கவில்லை. எல்லாப் பிரிவிலும் கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது. தன்னார்வலரைத் தவறாமல் சந்தித்தார்களா இல்லையா என்பதைப் பொறுத்துப் பலன் மாறியது.

அயர்லாந்தில் 107 பேரை வைத்து இதேபோல் செய்தார்கள். வாரம் இரண்டு மணி நேரம், ஒன்பது மாதம், எல்லோருக்கும் மாதம் 20 யூரோ. 2015-இல் வெளியான அந்த முடிவிலும் இரு பிரிவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டு பிரிவினருமே முன்பைவிட அதிகமாக வெளியே போய்வரத் தொடங்கியிருந்தார்கள்.

நட்புத் திட்டங்களுக்கு எதிரான சான்று என்று இவற்றைக் காட்டுபவர்கள் உண்டு. ஆனால் அந்த 28 டாலரையும் 20 யூரோவையும் தாண்டிப் போய்விடக் கூடாது. மனநோயோடு வாழ்பவர்களில் பலர் ஏழைகள். சினிமா டிக்கெட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஒரு காபிக்கும் காசு இல்லாதவர் யாரைச் சந்திக்கப் போவார்? 'இன்னிக்கு நான் வாங்கித் தர்றேன்' என்று ஒருமுறையாவது சொல்ல முடியாதவர், நண்பரின் முன்னால் எவ்வளவு நாள் கூனிக் குறுகாமல் உட்கார முடியும்? கையில் கொஞ்சம் காசு இருந்தாலே வீட்டுவாசலைத் தாண்ட முடிகிறது என்பதை இந்த ஆய்வுகள் தாம் நினைக்காமலே காட்டிவிட்டன. நட்புத் திட்டம் நடத்துபவர்கள் வழிச்செலவுக்கும் காபிச் செலவுக்கும் கணக்கில் இடம் வைப்பது சலுகை ஆகாது. திட்டத்தின் பாதி அதுதான்.

லண்டனில் ஸ்டெஃபான் பிரீபே தலைமையில் நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. சைக்கோசிஸ் உள்ள 124 பேரில் ஒரு பிரிவினருக்கு ஓராண்டுக்குத் தன்னார்வலர் ஒருவர்; மற்றவர்களுக்கு ஊரில் நடக்கும் நிகழ்ச்சிகள் பற்றிய தகவல் கையேடு மட்டும். அன்றாடம் எவ்வளவு நேரம் சுறுசுறுப்பாகக் கழிகிறது என்ற முதன்மை அளவுகோலில் இரு பிரிவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. ஆனால் தன்னார்வலரைப் பெற்றவர்களுக்குப் பழகும் மனிதர்கள் அதிகமாகியிருந்தார்கள். ஓராண்டு முடிந்து, மேலும் சில மாதங்கள் கழித்தும் அந்த வித்தியாசம் இருந்தது.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தெளிவு கிடைக்கிறது. நட்பு, மருந்து செய்யும் வேலையைச் செய்வதில்லை. 24 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2010-இல் வெளிவந்த மறுபார்வையும், மனச்சோர்வின் அறிகுறிகளில் சுமாரான பலனைத்தான் கண்டது. நோயின் அறிகுறிகளை மட்டும் தராசில் வைத்து எடைபோட்டால் இந்தத் திட்டங்கள் சில சமயம் தோற்கும். பழக நாலு பேர் கிடைத்தார்களா, வாரத்தில் ஒரு நாளாவது எதிர்பார்த்துக் காத்திருக்க ஒன்று இருக்கிறதா என்று கேட்டால் பதில் வேறு. நோய் இல்லாதவர்கள் தங்கள் நண்பர்களை மனச்சோர்வு மதிப்பெண் வைத்தா மதிப்பிடுகிறார்கள்?

தனிமை சாதாரண விஷயம் இல்லை என்பதற்குத் தனியாகவே சான்றுகள் உண்டு. ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளிலிருந்து 3 லட்சத்துக்கும் அதிகமானோரின் தகவல்களைத் திரட்டி 2010-இல் வெளியிட்டார்கள். உறவுகள் வலுவாக இருப்பவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு, அப்படி இல்லாதவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்றது அது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார், ஆண்டுக்கு 8,71,000 மரணங்களில் அதற்குப் பங்கு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025-இல் கணித்தது.

பார்த்து வைத்த நட்பு

இந்தத் திட்டங்களைப் பற்றி அடிக்கடி எழும் சந்தேகம் ஒன்று உண்டு. யாரோ ஓர் அலுவலர் படிவத்தைப் பார்த்துச் சேர்த்துவைத்த இருவர் எப்படி உண்மையான நண்பர்களாக முடியும்? தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கேள்வி அவ்வளவு திகைப்பாக இருக்காது. பெரியவர்கள் பார்த்துப் பேசி முடித்த கல்யாணத்தில், முன்பின் தெரியாத இருவர் நாற்பது ஆண்டு ஒருவரையொருவர் தாங்கி வாழ்ந்ததை வீட்டிலேயே கண்டவர்கள் அவர்கள். அதே முறையில் அமைந்த பந்தம் பொய்த்துப் போனதையும் கண்டவர்கள்.

காம்பியர் ஜோடிகளிடம் பிரையன் மெக்கார்க்கிள் குழுவினர் விரிவாகப் பேசி 2009-இல் எழுதிய ஆய்வு இந்த இடத்தில் உதவுகிறது. தொடக்கத்தில் தயக்கமும் சங்கடமும் இருந்தாலும், காலம் போகப் போக உறவு இருவழியாகிறது. தன்னார்வலரும் பலனடைகிறார். மனநோய் என்றால் அவர் மனதில் இருந்த பயம் கரைகிறது. தன் கவலைகளைச் சொல்ல அவருக்கும் ஓர் ஆள் கிடைக்கிறது. உதவி பெறும் இடத்திலேயே எப்போதும் இருந்த ஒருவர், இன்னொருவருக்கு ஆறுதல் சொல்லும் இடத்துக்கு வருவது சிறிய மாற்றம் கிடையாது. மகளுக்குக் காய்ச்சல் என்று தன்னார்வலர் சொல்ல, அடுத்த வாரம் 'பாப்பாவுக்கு இப்போ எப்படி இருக்கு?' என்று அவர் கேட்கும்போது, திட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது.

சிக்கல்களும் உண்டு, மறைப்பதற்கில்லை. ஓராண்டுக்குப் பிறகு என்ன? சில திட்டங்கள் அந்த நாளோடு உறவை முடித்துவிடச் சொல்கின்றன. சிலவற்றில் இருவரும் விரும்பினால் தொடரலாம். ஏற்கெனவே பலரால் கைவிடப்பட்ட ஒருவருக்கு இன்னொரு பிரிவு பெரிய காயம். முதல் நாளிலேயே காலக்கெடுவை ஒளிக்காமல் சொல்வது, கடைசி இரண்டு மாதங்களில் சந்திப்பை மெல்லக் குறைப்பது, அதற்குள் வேறு இடங்களில் பழக்கம் ஏற்படுத்தித் தருவது இவையெல்லாம் ஒருங்கிணைப்பாளரின் பொறுப்பு. சொல்லாமல் கொள்ளாமல் மூன்றாம் மாதம் காணாமல் போகும் தன்னார்வலர், வராமலே இருந்தவரைவிட அதிகத் தீங்கு செய்கிறார்.

அதனால்தான் ஆர்வம் மட்டும் இருந்தால் போதாது. வார நாளில் எந்த நேரம் ஒதுக்க முடியும், அடுத்த ஓராண்டில் ஊர் மாறும் திட்டம் உண்டா, வீட்டில் சம்மதமா என்று நேர்காணலில் துருவித் துருவிக் கேட்க வேண்டியிருக்கிறது.

லண்டன், கொழும்பு, சென்னை

தன்னார்வலரின் தோழமை உயிரைக் காக்கும் என்ற எண்ணத்துக்கு இன்னொரு வேர் இருக்கிறது. அதன் கிளை தமிழ் மண் வரை நீண்டிருக்கிறது. 1953 நவம்பரில் லண்டன் மாநகரின் புனித ஸ்டீஃபன் வால்புரூக் தேவாலயத்தில் பாதிரியார் சாட் வாரா ஒரு தொலைபேசியை வைத்தார். சாக நினைப்பவர்கள் கூப்பிடலாம், நேரிலும் வரலாம். கூட்டம் கூடியது. பாதிரியாரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் தன்னார்வலர்கள். அப்படிப் பேசியதிலேயே மனம் இலேசாகி, பாதிரியாரைப் பார்க்காமலே திரும்பிப் போனவர்கள் பலர் என்பதை அவர் கவனித்தார். சில மாதங்களிலேயே, 1954 பிப்ரவரியில், கேட்கும் வேலையை முழுக்கத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்தார். 'சமாரிட்டன்ஸ்' அப்படித்தான் உருவானது.

அந்த வழியில் 1974-இல் கொழும்பில் ஜோன் டி மெல் 'சுமித்ரயோ' அமைப்பைத் தொடங்கினார். 1986-இல் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 'ஸ்நேகா'வைத் தொடங்கினார். இரண்டும் இன்றும் தன்னார்வலர்களால் இயங்குகின்றன. இவை நெருக்கடி நேரத்துத் தோழமை. ரோச்செஸ்டரில் நடந்தது ஆண்டு முழுவதும் தொடரும் தோழமை. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றே: பட்டம் பெறாத சாதாரண மனிதர், சரியான பயிற்சியோடு, இன்னொருவரின் துயரத்தில் துணையிருக்க முடியும்.

தொடர்ந்து விசாரிப்பதன் வலிமைக்கு அழுத்தமான சான்று கொடுத்ததிலும் சென்னைக்கும் கொழும்புக்கும் பங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் இந்த இரு நகரங்கள் உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு ஒரு மணி நேர ஆலோசனை. பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை நேரிலோ தொலைபேசியிலோ 'எப்படி இருக்கிறீர்கள்?' என்ற விசாரிப்பு. இதைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற பணியாளர்கள். 2008-இல் வெளியான முடிவின்படி, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 சதவீதம்.

தமிழ்நாட்டில் இருக்கும் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமிலும் லட்சுமி விஜயகுமாரின் குழுவினர் இந்த அணுகுமுறையைக் கொண்டு சென்றார்கள். முகாமில் வாழ்பவர்களையே தன்னார்வலர்களாகப் பயிற்றுவித்தார்கள். ஆபத்தான நிலையில் இருப்பவர்களை அவர்கள் அடிக்கடி போய்ப் பார்த்தார்கள். மனம் தாங்காத நேரத்தில் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று எழுதிய அட்டையைக் கையில் கொடுத்தார்கள். 2017-இல் வெளியான ஆய்வில், ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட முகாமைவிட இங்கே தற்கொலை முயற்சிகள் குறைந்திருந்தன.

இங்கே தொடங்குவதென்றால்

இந்தியாவின் நிலைமை ரோச்செஸ்டரிலிருந்து வேறானது. இங்கே மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலானோர் குடும்பத்தோடுதான் இருக்கிறார்கள். சோறு போட அம்மா இருக்கிறார், மருத்துவரிடம் அழைத்துப் போக அண்ணன் இருக்கிறார். அதனால் அவர்களுக்குத் துணை இருக்கிறது என்று எல்லோரும் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் 'மாத்திரை போட்டியா?', 'குளிச்சியா?' என்ற இரண்டு கேள்விகளிலேயே பல வீடுகளில் நாள் முழுவதும் கழிந்துவிடுகிறது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு எல்லோரும் கிளம்பும்போது அவர் மட்டும் வீட்டில் விடப்படுகிறார். முப்பத்தைந்து வயது ஆணுக்கோ பெண்ணுக்கோ அம்மாவைத் தவிர வேறு பேச்சுத்துணை இல்லை என்பதும் தனிமைதான். அம்மாவுக்கும் வயதாகிறது. வாரத்தில் ஒரு மணி நேரம் யாராவது வந்து அவரை வெளியே அழைத்துப் போனால், அது அம்மாவுக்கும் கிடைக்கும் ஒரு மணி நேர மூச்சு.

சட்டம் தடையாக இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ள ஒவ்வொருவருக்கும் சமூகத்தில் மற்றவர்களோடு ஒருவராக வாழும் உரிமை உண்டு என்கிறது. கட்டமைப்பும் புதிது இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டிலேயே நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, அவற்றில் ஒன்று திருச்சி. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற எண்ணில் அரசின் டெலி-மானஸ் தொலைபேசி மனநல உதவி கிடைக்கிறது. மருந்தும் ஆலோசனையும் கிராமம் வரை போக வழிகள் மெல்ல உருவாகின்றன. தோழமைக்கான வழி மட்டும் அரசின் பட்டியலில் இன்னும் ஏறவில்லை.

தொடங்கப் பெரிய கட்டடம் வேண்டாம். ஒரு மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவு, ஒரு முழுநேர ஒருங்கிணைப்பாளர், முதல் ஆண்டுக்குப் பத்து ஜோடிகள் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட இல்லத்தரசிகள் என்று நேரமும் பொறுமையும் உள்ளவர்கள் எந்த ஊரிலும் உண்டு. நோயைக் கடந்து வந்தவர்களையும் தன்னார்வலர்களாகச் சேர்க்க வேண்டும். அந்த வழியின் மேடு பள்ளம் அவர்களுக்குத்தான் தெரியும். பெண்களுக்குப் பெண்கள் என்ற ஏற்பாடும், காவல்துறைச் சரிபார்ப்பும், முதல் சில சந்திப்புகள் பொது இடத்தில் என்ற விதியும் இங்கே கட்டாயம் வேண்டும். மாதம் ஒருமுறை தன்னார்வலர்கள் எல்லோரும் கூடித் தங்கள் சங்கடங்களைப் பேச, சமூகப் பணியாளர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

கணக்குப் போடும் அதிகாரிகளுக்காக ஒன்று. பத்து ஜோடிகளுக்கு வாரம் ஒருமுறை இருவருக்கும் பஸ் கட்டணம், ஆளுக்கு ஒரு காபி, மாதம் ஒருமுறை ஒரு சினிமா, இவற்றோடு ஓர் ஒருங்கிணைப்பாளரின் சம்பளம். ஒரு மாவட்டத்தில் ஓராண்டு இதை நடத்திப் பார்த்து, பங்கேற்றவர்களின் வாயாலேயே அனுபவத்தைக் கேட்டுப் பதிவுசெய்தால், அடுத்த மாவட்டத்துக்கு எதைக் கொண்டுபோவது, எதை மாற்றுவது என்பது தெரிந்துவிடும்.